திரையில் தெரிவதும் செல்லுக்குள் இருப்பதும்: ஓர் உழவர் குழுப் பட்டியலைச் சரிசெய்த விவரம்

நீடாமங்கலம் வட்டாரத்தில் உள்ள ஓர் உழவர் குழுவின் உறுப்பினர் பட்டியல் இது. நானூறுக்கும் மேற்பட்ட வரிசைகள். பெயர், தகப்பனார் பெயர், ஊர், சர்வே எண், பரப்பு, நட்ட தேதி, ஆதார், வங்கிக் கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி என்று எல்லாம் ஒரே எக்ஸெல் கோப்பில். சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு இதை வைத்துத்தான் அவர்கள் ஆளுக்கொரு விண்ணப்பம் போடுவார்கள். காப்பீட்டுக்குக் கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் நடுவில் வரும், சில வயல்களில் அப்போதுதான் நடவே முடிந்திருக்கும், அடங்கல் வாங்க விஏஓ அலுவலகத்தில் கூட்டம் நிற்கும், அந்த நேரம் பார்த்துப் பட்டியலில் பாதி விவரம் பொருந்தவில்லை என்று திரும்பி வந்தால் என்ன பாடு என்று டெல்டாக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

குழுச் செயலாளர் அறுபதைத் தாண்டியவர், கோப்பைப் பென்டிரைவில் கொண்டுவந்தார். “தம்பி, பாதி நல்லாத்தான் தெரியுது. பாதி வெறும் கட்டம் கட்டமா, கம்பி கம்பியா இருக்கு. அதை மட்டும் சரி பண்ணிக் கொடுத்தாப் போதும்” என்றார். அவர் கண்ணை உறுத்தியது தேதி நெடுவரிசையில் நிறைந்திருந்த ஹேஷ் குறிகள். அந்தக் கோப்பில் துளியும் ஆபத்து இல்லாதவை அந்த ஹேஷ் குறிகள்தான். உண்மையான சேதம் ‘நல்லாத்தான் தெரியுது’ என்று அவர் சொன்ன பாதியில் இருந்தது.

எக்ஸெல்லின் ஒரு கட்டத்தில், அதாவது ஒரு செல்லில், இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. உள்ளே இருக்கும் சரக்கு ஒன்று, அது திரையில் எப்படிக் காட்டப்பட வேண்டும் என்ற ஃபார்மேட் இன்னொன்று. மூட்டைக்குள் இருக்கும் நெல்லும் மூட்டைமேல் தைத்த சீட்டும் மாதிரி. சீட்டு கிழிந்தால் வேறு சீட்டு தைத்துக்கொள்ளலாம், நெல் கொட்டிப் போயிருந்தால் சீட்டை மாற்றிப் பயனில்லை. ஆகவே எழுத்து சரியாகத் தெரியவில்லை என்று யார் கோப்பு கொண்டுவந்தாலும், முதலில் பார்க்க வேண்டியது கட்டங்களுக்கு மேலே உள்ள நீளப் பட்டையை, அதாவது ஃபார்முலா பாரைத்தான். செல்லைச் சொடுக்கிவிட்டு மேலே பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் கெட்டது தோற்றம் மட்டும், அங்கேயும் தவறாக இருந்தால் சரக்கே கெட்டுவிட்டது. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஃபார்மேட்டை மாற்றிப் பார்ப்பது, சேமிப்பது, திரும்ப மாற்றுவது என்று போனால் பிழைத்திருந்ததும் போய்விடும். இந்தக் கோப்பில் அதுதான் நடந்திருந்தது. அதனால் வந்த கோப்பை அப்படியே தனியாக எடுத்து வைத்துவிட்டு, நகலில் மட்டும் வேலை செய்தேன்.

கோப்பு எங்கிருந்தெல்லாம் வந்தது

குழுவில் கணக்கு எழுதும் அக்காவிடம் பேசிய பிறகுதான் கதை புரிந்தது. பட்டியல் ஒரே கையால் அடித்ததில்லை. ஒரு பகுதி அவர் அலுவலகக் கணினியில் அடித்தது. இன்னொரு பகுதி வேறொருவர் தன் மடிக்கணினியில் அடித்தது. பழைய உறுப்பினர்களின் பெயர்கள், பல வருடங்களுக்கு முன்பு ஒரு அச்சகத்தில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்து வைத்ததிலிருந்து நகலெடுத்து ஒட்டியவை. புதிதாகச் சேர்ந்தவர்கள் கைப்பேசியில் ஒரு படிவத்தை நிரப்பியிருக்கிறார்கள், அது சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) இறங்கியிருக்கிறது. நான்கையும் சேர்த்து ஒன்றாக்கி, யாரோ கேட்டார்கள் என்று நடுவில் ஒருமுறை முழுவதையும் சிஎஸ்வியாகச் சேமித்து, அதையே மறுபடி எக்ஸெல்லில் திறந்திருக்கிறார்கள். அந்த ஒருமுறை செய்த கெடுதல்தான் பெரிது. அதைக் கீழே சொல்கிறேன்.

ஹேஷ் குறிகள்

சீக்கிரம் முடிந்துவிடும் விஷயம், ஆகவே முதலில் இது. எண்ணோ தேதியோ நெடுவரிசையின் அகலத்துக்குள் அடங்கவில்லை என்றால் எக்ஸெல் அதைப் பாதியாகக் காட்டாது. பாதி எண்ணைக் காட்டினால் பார்ப்பவர் அதையே முழு எண் என்று நம்பிவிடுவார், அதனால் முழுக்க ஹேஷ் போட்டு மறைத்துவிடும். நல்ல ஏற்பாடு. நெடுவரிசைத் தலைப்புகளுக்கு நடுவில் உள்ள கோட்டில் இரட்டைச் சொடுக்கு, அகலம் சரியாகிவிடும். எவ்வளவு அகலப்படுத்தினாலும் ஹேஷ் போகவில்லை என்றால் தேதிக் கணக்கில் எதிர்மறை எண் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இங்கே ஒரு சிக்கல் கூடுதலாக இருந்தது. யாரோ ஹேஷைப் பார்த்துவிட்டு அகலத்தைக் கூட்டாமல் ஃபார்மேட்டை டெக்ஸ்ட் என்று மாற்றியிருக்கிறார்கள். சில வரிசைகளில் நட்ட தேதிக்குப் பதில் 45580 மாதிரி ஐந்திலக்க எண்கள். செயலாளர் இதைப் பார்த்துப் பயந்துவிட்டார், பயப்பட ஒன்றுமில்லை. 1900 ஜனவரி 1 என்பதை 1 என்று வைத்து நாட்களை எண்ணிக்கொண்டே வருவதுதான் எக்ஸெல் தேதியைச் சேமிக்கும் முறை. 45580 என்றால் 2024 அக்டோபர் 15. ஃபார்மேட்டைத் தேதி என்று திரும்ப மாற்றியதும் எல்லாம் வந்துவிட்டது.

கணக்கு எண்கள்

இதில்தான் அதிக நேரம் போனது, போக வேண்டியதும் இதில்தான், ஏனென்றால் இழப்பீட்டுப் பணம் போய்ச் சேரும் இடம் இது.

சாதாரண ஜெனரல் ஃபார்மேட்டில் 12 இலக்கமோ அதற்கு மேலோ உள்ள எண்ணை அடித்தால் எக்ஸெல் அதை 1.23457ஈ+11 என்பது போல அறிவியல் குறியீட்டில் சுருக்கிக் காட்டும். ஆதார் எண் சரியாக 12 இலக்கம், ஆகவே எல்லா ஆதாரும் இப்படித்தான் தெரிந்தன. அடித்த கோப்பில் ஃபார்முலா பாரைப் பார்த்தால் 12 இலக்கமும் பத்திரமாக இருக்கும், சுருங்குவது தோற்றம்தான். எண் ஃபார்மேட்டில் தசம இடம் பூஜ்யம் என்று வைத்தால் முடிந்தது.

வங்கிக் கணக்கு எண் அப்படியில்லை. எக்ஸெல் ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். சில வங்கிகளில் கணக்கு எண் 11 இலக்கம், சிலவற்றில் 13, 15, சிலவற்றில் 16. பதினாறு இலக்கக் கணக்கை எண்ணாக அடித்து என்டர் தட்டிய நொடியே கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. பார்க்க முழுசான எண் போலவே இருக்கும். அதேபோல முன்னால் பூஜ்யம் வைத்துத் தொடங்கும் கணக்கு எண்ணில் அந்தப் பூஜ்யங்கள் உதிர்ந்துவிடும். 16 இலக்கக் கணக்குகள் எல்லாமே பூஜ்யத்தில் முடிந்ததைப் பார்த்ததும் செயலாளரிடம் காட்டினேன். “இத்தனை பேருக்கும் ஒரே மாதிரியா ஐயா முடியும்?” என்றேன். அவர் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துவிட்டு, தன்னுடைய பாஸ்புக்கை எடுத்துச் சரிபார்த்தார். அவருடையது 7இல் முடிகிறது.

இதைவிடக் கொடுமை அந்த சிஎஸ்வி. எக்ஸெல் ஒரு கோப்பை சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது உள்ளே இருக்கும் எண்ணை எழுதாது, திரையில் எப்படித் தெரிகிறதோ அதை எழுதும். 1.23457ஈ+14 என்று சுருங்கித் தெரிந்தால் அந்தச் சுருக்கமே கோப்பில் போய் உட்கார்ந்துவிடும். திரும்பத் திறந்தால் ஃபார்முலா பாரில் 123457 என்று தொடங்கி வரிசையாகப் பூஜ்யங்கள். அதாவது 15 இலக்கத்தில் 9 இலக்கம் காணாமல் போயிருக்கும். ஆதாருக்கும் இதே கதிதான். அக்காவிடம் சிஎஸ்வியாக மாற்றுவதற்கு முந்தைய எக்ஸெல் கோப்பு ஒன்று மின்னஞ்சலில் இருந்தது, அது கிடைத்ததால் ஆதார் முழுவதும் தப்பித்தது, 15 இலக்கம் வரை உள்ள கணக்குகளும் தப்பித்தன. 16 இலக்கக் கணக்குகளுக்கும் முன்பூஜ்யம் போனவற்றுக்கும் பாஸ்புக்கைத் தவிர வேறு வழி இல்லை. அந்த வரிசைகளுக்கு மஞ்சள் நிறம் போட்டு, ஊர்வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு ஊருக்கும் ஒரு ஆள் என்று அனுப்பிப் படம் எடுத்து வரச் சொன்னோம். கடைசி இலக்கத்தை ஊகித்து நிரப்பலாமா என்று கூட வந்திருந்த இளைஞர் ஒருவர் கேட்டார். கூடவே கூடாது.

அந்த நெடுவரிசை முழுவதையும் முதலில் டெக்ஸ்ட் ஃபார்மேட்டுக்கு மாற்றிவிட்டு, அப்புறம்தான் எண்களை அடித்தோம். வரிசை முக்கியம். அடித்த பிறகு டெக்ஸ்ட் ஆக்கினால் போன இலக்கம் திரும்பாது. டெக்ஸ்டாக வைத்த எண்ணின் மூலையில் பச்சை முக்கோணம் ஒன்று வரும், பக்கத்தில் ‘கன்வர்ட் டு நம்பர்’ என்று ஒரு யோசனையும் சொல்லும். அதை மட்டும் தொடாதீர்கள், ‘இக்னோர் எரர்’ கொடுத்துவிடுங்கள்.

சர்வே எண் தேதியான விதம்

நம் பக்கம் சர்வே எண்கள் 112/2ஏ மாதிரி இருக்கும். எழுத்து சேர்ந்திருந்தால் தப்பிக்கும். வெறும் 12/3 என்று இருந்தால் எக்ஸெல் அதைத் தேதி என்று எடுத்துக்கொண்டு 12-மார்ச் ஆக்கிவிடும். 2/65 என்று அடித்தால் 1965 பிப்ரவரி. பரப்பு நெடுவரிசையில் அரை ஏக்கரை 1/2 என்று அடித்தவர்களுக்கு பிப்ரவரி 1 கிடைத்தது, முக்கால் ஏக்கர் ஏப்ரல் 3 ஆனது. சில பெரியவர்கள் ‘2 மா 40 குழி’ என்று பழைய கணக்கிலேயே கொடுத்திருந்தார்கள், அவை மட்டும் எந்தச் சேதமும் இல்லாமல் இருந்தன.

இங்கே உள்ளே இருப்பதே மாறிவிட்டது. ஆனாலும் எப்படி மாறியது என்று தெரிந்தால் திருப்பலாம். எக்ஸெல்லின் டெக்ஸ்ட் என்ற சார்பில் (ஃபங்ஷன்) நாள்/மாதம் என்ற வடிவத்தைக் கொடுத்தால் 12-மார்ச் மறுபடி 12/3 ஆகிவிடும், ஆண்டு 1965 போல இருந்தால் மாதம்/ஆண்டு வடிவம். நான் அப்படிச் செய்யவில்லை. காரணம் அந்த மடிக்கணினி. அதில் வட்டார அமைப்பு (ரீஜன் செட்டிங்) அமெரிக்க ஆங்கிலம், மாதம்தான் முன்னால் வரும். அதே 12/3 அங்கே டிசம்பர் 3 ஆகியிருக்கும். அலுவலகக் கணினியில் அடித்ததும் மடிக்கணினியில் அடித்ததும் ஒரே நெடுவரிசையில் கலந்து, அகரவரிசையிலும் அடுக்கப்பட்டுவிட்ட பிறகு, எது எங்கே அடித்தது என்று பிரிக்க முடியாது. 12/3 என்ற வயலும் 3/12 என்ற வயலும் வேறு வேறு ஆளுடையவை. தேதியாக மாறிய எல்லாவற்றையும் சிட்டாவைப் பார்த்துத்தான் அடித்தோம். பரப்பில் அரையும் முக்காலும் அடிக்க வேண்டுமென்றால் முன்னால் ஒரு பூஜ்யமும் இடைவெளியும் விட்டு 0 1/2 என்று அடிக்கலாம், அல்லது நேராக 0.5. அக்காவுக்கு 0.5தான் வசதியாக இருந்தது.

தமிழ் எழுத்துகள்

பெயர் நெடுவரிசையில் மூன்று வகைக் கோளாறு ஒன்றாகக் கிடந்தது, மூன்றும் வேறு வேறு நோய்.

ஒன்று, பாமினி. ‘அம்மா’ என்று பாமினியில் அடித்தால் செல்லுக்குள் போவது எம், கே, ஒரு அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள்தான். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது. எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். எழுத்துருவை நிறுவினால் படிக்க முடியும், ஆனால் தேட முடியாது, அகரவரிசைப்படுத்தினால் ஆங்கில வரிசையில் போய் நிற்கும், வேறு பட்டியலோடு ஒப்பிட முடியாது. எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடில் தமிழுக்கு 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே தனி இடம் இருக்கிறது, தமிழ்நாடு அரசும் 2010இல் யூனிகோடையும் டேஸ் 16 என்ற தமிழ்க் குறியாக்கத்தையும் தரமாக அறிவித்துவிட்டது, இன்னும் பாமினியில் அடித்துப் பட்டியல் வைத்திருப்பதை விட்டுவிட வேண்டும். எழுத்துரு மாற்றி என்ற மென்பொருள் ஒன்றைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்றினோம். பெயரையும் ஊரையும் மட்டும் எடுத்து மாற்ற வேண்டும், முழு ஷீட்டையும் கொடுத்தால் ஐஎஃப்எஸ்சி குறியீட்டையும் தமிழாக நினைத்து மாற்றிவிடும். மாற்றி முடித்ததும் கோ, கொ, மோ போன்ற எழுத்துகளைக் கண்ணால் பாருங்கள். பாமினியில் கொம்பை முதலில் அடித்து, பிறகு மெய், பிறகு கால் போடுவது வழக்கம். யூனிகோடில் மெய்தான் முதலில். மோசமான மாற்றி இதைத் திருப்பி அடுக்காமல் விட்டால், கொம்பு புள்ளிவட்டத்தோடு தனியே நிற்கும்.

இரண்டாவது, கைப்பேசிப் படிவத்திலிருந்து வந்த பெயர்கள். இவற்றில் தலைமேல் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ எழுத்தும் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் முத்திரையும் மாறி மாறி வந்தன. இதைப் பார்த்த மாத்திரத்தில் நிம்மதிதான். யூனிகோடைக் கோப்பில் எழுதும் முறையான யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட், எல்லாவற்றுக்கும் முதல் பைட் ஒன்றே, இரண்டாவதும் இரண்டில் ஒன்றுதான். சிஎஸ்வியை நேரடியாக இரட்டைச் சொடுக்கித் திறந்ததால் எக்ஸெல் மூன்று பைட்டையும் மூன்று மேலைநாட்டு எழுத்துகளாகப் படித்துவிட்டது. மூலக் கோப்பு இருந்தால் டேட்டா தாவலில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி’ போய், ஃபைல் ஒரிஜின் என்ற இடத்தில் 65001 யூடிஎஃப்-8 தேர்ந்தெடுத்து, டேட்டா டைப்பைக் கண்டுபிடிக்க வேண்டாம் என்று சொல்லித் திறந்தால் பெயரும் சரி, கணக்கு எண்ணும் சரி. லிப்ரெஆபீஸ் கால்க்கில் சிஎஸ்வி திறக்கும்போது இந்தக் கேள்விகளை அதுவே கேட்டுவிடும், எனக்கு அது பிடிக்கும். குப்பையாகத் தெரிவதை அப்படியே நகலெடுத்து ஒட்டிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். புள்ளிக்கும் உகரக் குறிக்கும் உரிய பைட்டுகள் அந்த மேலைநாட்டு அட்டவணையில் உருவமே இல்லாத இடத்தில் விழுகின்றன, ஒட்டும்போது அவை உதிரலாம்.

மூன்றாவது, வெறும் கேள்விக்குறிகள். தமிழ் இருந்த கோப்பை சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தால் எழுத்துக்கு ஒரு கேள்விக்குறிதான் மிஞ்சும். உள்ளேயும் கேள்விக்குறிதான், மீட்க எதுவும் இல்லை. எக்ஸெல் 2016க்குப் பிறகு வந்த பதிப்புகளில் ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ என்று தனியாக ஒரு தேர்வு இருக்கிறது, தமிழ் இருந்தால் அதுதான்.

இவையெல்லாம் முடிந்தும் சில பெயர்கள் பழைய பட்டியலோடு பொருந்தவில்லை. சௌரிராஜன் என்ற பெயர் நம் பக்கம் நிறைய, திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் பெயர். ஒரு பட்டியலில் இருந்த சௌரிராஜனும் இன்னொன்றில் இருந்தவரும் பார்க்க அச்சாக ஒன்று, எக்ஸெல்லுக்கு மட்டும் வேறு. குறிகளை எண்ணிச் சொல்லும் லென் சார்பு போட்டால் ஒன்றுக்கு 9, இன்னொன்றுக்கு 10. பத்து வந்ததில் ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் அடுத்து ‘ள’வும் அடித்திருந்தார்கள். இதை மொத்தமாகக் கண்டுபிடி-மாற்று போட்டால் வெள்ளைச்சாமியும் வெள்ளையம்மாளும் சிதைந்துபோவார்கள், அவர்கள் பெயரிலும் அதே கொம்பும் ‘ள’வும் அடுத்தடுத்து இருக்கிறதே. ஒவ்வொன்றாகத் தேடி, பார்த்து, மாற்ற வேண்டியதுதான். பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் இடைவெளிகளை டிரிம் சார்பு எடுத்துவிடும், ஆனால் இணையப் பக்கங்களிலிருந்து ஒட்டும்போது வரும் 160ஆம் எண் இடைவெளியை எடுக்காது, அதற்கு ஒன்றை வேறொன்றாக மாற்றும் சப்ஸ்டிட்யூட் சார்பு தேவை.

அச்சில் வெட்டுப்பட்ட ஊர்கள்

அச்சடித்து அலுவலகச் சுவரில் ஒட்டிய பட்டியலில் நீடாமங்கலம் ‘நடாமங்கலம்’ ஆகியிருந்தது. வரிசையின் உயரத்தை யாரோ கையால் குறைத்து வைத்திருக்கிறார்கள், ‘நீ’யின் மேல்சுழி வெட்டுப்பட்டுவிட்டது. தமிழ் எழுத்துக்கு மேலேயும் கீழேயும் இடம் வேண்டும், ஆங்கிலத்துக்குப் போதும் என்று வைத்த உயரம் போதாது. கையால் உயரம் வைத்த வரிசை தானாக வளராது, ஹோம் தாவலில் ஃபார்மேட் போய் ‘ஆட்டோஃபிட் ரோ ஹைட்’ கொடுத்தால் வளரும். முகவரி நெடுவரிசையில் செல்களை மெர்ஜ் செய்திருந்த இடங்களில் அதுவும் வேலை செய்யாது, மெர்ஜை எடுத்துவிட்டு வ்ராப் டெக்ஸ்ட் போட்டோம். திரையில் முழுதாகத் தெரிந்த கடைசி வரி அச்சில் காணாமல் போவதும் உண்டு, அச்சுப்பொறியின் அளவு வேறு என்பதால். கொஞ்சம் உயரம் கூட்டி வைத்து, பிரின்ட் பிரிவ்யூ பார்த்து அச்சடிக்க வேண்டும். கோவில்வெண்ணி, முன்னாவல்கோட்டை போன்ற நீளமான ஊர்ப் பெயர்கள் பாதியில் நின்றதற்கு வேறு காரணம். பக்கத்து செல் காலியாக இருந்தால் எழுத்து அதன்மேல் வழிந்து தெரியும், அந்தச் செல்லில் ஒரு வெறும் இடைவெளி இருந்தாலும் வெட்டிவிடும்.

ஐஎஃப்எஸ்சியில் ஐந்தாவது எழுத்து எப்போதும் பூஜ்யம். சிலர் ஆங்கில ஓ அடித்திருந்தார்கள், பார்த்தால் தெரியாது. அந்த நெடுவரிசைக்கு மட்டும் கன்சோலாஸ் எழுத்துரு வைத்தோம், அதில் பூஜ்யத்துக்கு நடுவில் கோடு இருக்கும்.

மஞ்சள் வரிசைகள் பாஸ்புக் படங்களோடு ஊர் ஊராகத் திரும்பி வந்து, ஒருவர் படிக்க ஒருவர் சரிபார்க்க அடித்து முடித்தோம். கடைசி நாளுக்கு முன்பே விண்ணப்பங்கள் போய்விட்டன. அடுத்த பருவத்துக்கு அக்காவிடம் ஒரு வெற்றுக் கோப்பு கொடுத்திருக்கிறேன். சர்வே எண், ஆதார், கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி நான்கும் முதலிலேயே டெக்ஸ்ட் ஃபார்மேட்டில், ஆதாருக்கு 12 இலக்கம், ஐஎஃப்எஸ்சிக்கு 11 எழுத்து என்று, அடிக்கும்போதே சரிபார்க்கும் டேட்டா வேலிடேஷனும் போட்டு. வேறு இடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டினால் வேலிடேஷன் தடுக்காது, ஃபார்மேட்டும் மாறிவிடும், ஆகவே ஒட்டும்போது ‘பேஸ்ட் வேல்யூஸ்’ மட்டும் என்று முதல் வரிசையில் சிவப்பில் எழுதி வைத்திருக்கிறோம். மடிக்கணினியின் வட்டார அமைப்பையும் இந்தியாவுக்கு மாற்றியாயிற்று. மா, குழிக் கணக்கில் உள்ள பரப்புகளை ஏக்கருக்கு மாற்றும் வேலை மட்டும் பாக்கி, அதைச் செயலாளரே சிட்டாவோடு உட்கார்ந்து செய்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.